இடது தட்டு

தம்பியின் கண்ணை அக்காதான் கட்டினாள்.

"இறுக்காதக்கா. நான் என்ன ஓடவா போறேன்?"

"ஓடினாலும் ஓடுவே" என்றாள். பட்டறையே சிரித்தது.

பட்டறை என்றால் மூன்று பெண்கள், நாலு மேசை, மூலையில் ஒரு சூளை அடுப்பு. முன்பு பொம்மைகளுக்குக் கை கால் வார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மருத்துவக் கல்லூரிக்காக வார்ப்பது வேறு.

ஆண்களின் விதைகள். சிலிகானில், மெத்தென்று, மேல்தோல் பையோடு.

அந்தப் பெயரைத் தம்பியின் காதுபட அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. 'ஜோடி' என்பாள். "இன்னைக்கு எத்தனை ஜோடிக்கா?" என்பான் அவனும், கூரையைப் பார்த்துக்கொண்டு. வண்டி ஓட்டுவது அவன் வேலை. பெட்டியை ஏற்றுவான், இறக்குவான், திறந்து மட்டும் பார்க்க மாட்டான்.

பாதி ஜோடிகளில், ஒரு விதையின் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு கட்டி இருக்கும்.

புற்றுநோய் அப்படித்தான் தொடங்குமாம், பெரும்பாலும் வலியே இல்லாமல். இளவயதுக்காரர்களுக்குத்தான் அதிகம் வருமாம். விரலால் உருட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் ஒரு ஸ்கேன், ஒரு ரத்தச் சோதனை, ஒரு ஆபரேஷன். இப்போதெல்லாம் அநேகமாக எல்லோருமே பிழைத்து எழுந்துவிடுகிறார்கள் என்று கல்லூரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாணவர்கள் தொட்டுப் பழகத்தான் இந்த ஜோடிகள்.

முதல் முறை அனுப்பியதை அவர் அப்படியே திருப்பிவிட்டார். "கட்டி வைக்கச் சொன்னேன், நீங்க கூழாங்கல்லு வச்சிருக்கீங்க. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு எதுக்கு?"

இந்த முறையும் தேறாவிட்டால் ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும். அக்கா கலவையை மாற்றி மாற்றிக் காய்ச்சினாள். கட்டியைப் பட்டாணியைவிடச் சின்னதாக்கினாள். பக்கத்துச் சதையோடு சதையாக ஒட்ட வைத்தாள்.

இன்று டாக்டரம்மாவே நேரில் வந்து உட்கார்ந்திருந்தார்.

பரீட்சை அவர் வைத்ததுதான். விவரம் எதுவும் தெரியாத ஓர் ஆள் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட வேண்டும். கட்டி என்ற பேச்சையே அந்த ஆளிடம் எடுக்கக் கூடாது. ஒழுங்காக இருப்பது இடது தட்டில். கோளாறாக இருப்பது வலது தட்டில்.

விவரம் தெரியாத ஆள் என்று பார்த்தால் தம்பியை விட்டால் வேறு யார்?

முதல் ஜோடி கைக்கு வந்ததும் அவன் காது சிவந்துவிட்டது.

"ரப்பர்தான் தம்பி, உங்களுதா என்ன!" என்றாள் அச்சுக் கழுவுகிறவள். பட்டறையில் அவளுக்கு 'வெடி' என்று பெயர்.

அவன் கட்டைவிரலால் உருட்டினான். ஓரத்தில் ஒரு நொடி நின்றான். இடது தட்டில் வைத்தான்.

அது கட்டி உள்ள ஜோடி.

அடுத்தது கட்டி இல்லாதது. அதை வலது தட்டில் வைத்தான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவனுக்கு வேகம் பிடித்துவிட்டது. உருட்டுவான், நிற்பான், இடது. உருட்டுவான், உதட்டைப் பிதுக்குவான், வலது. கூச்சமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

கடைசி ஜோடியை வைத்த பிறகுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. கட்டி உள்ளது அத்தனையும் இடது பக்கம். இல்லாதது அத்தனையும் வலது பக்கம். ஒன்றுகூடக் கலக்கவில்லை!

"தட்டை மாத்திட்டாரு!" என்று கத்தினாள் வெடி. "ஆனா எல்லாத்தையும் பிடிச்சுட்டாரு!"

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார். "இவ்வளவு சின்னதை, ஒன்னு விடாம! ஆர்டர் உங்களுக்குத்தான் போங்க!"

அக்கா குதித்தாள். அந்த வயதில், அந்த உடம்போடு, உண்மையாகவே குதித்தாள். மற்ற இருவரும் காலித் தகரத்தை எடுத்து மேளம் தட்டினார்கள்.

கண்கட்டை அவிழ்த்துக்கொண்டே அக்கா தம்பியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். "வண்டி ஓட்டுறவனுக்கு இடது எது வலது எதுன்னு தெரியலையேடா! இத்தனை நாள் எப்படிடா வீடு வந்து சேர்ந்தே?"

தம்பிக்கு ரோசம் வந்துவிட்டது.

"நான் ஒன்னும் மாத்தல. இதுதானே ஒழுங்கா இருக்கு?" என்று இடது தட்டைக் காட்டினான். "அந்தத் தட்டுலதான் ஓரத்துல அது இல்லையே."

தகரச் சத்தம் நின்றது.

"எது இல்ல தம்பி?" என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

அவன் கூரையைப் பார்த்தான். "அதான்... எல்லாருக்கும் ஒரு பக்கம் குட்டியா ஒன்னு இருக்குமே."

"எவ்வளவு குட்டியா?"

இடது தட்டிலிருந்து ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தான். "இதே அளவுதான்."

டாக்டரம்மா மூச்சை நன்றாக இழுத்து விட்டார். போன் அதற்குள் காதுக்குப் போய்விட்டது. சற்றுமுன் ஆர்டர் உங்களுக்குத்தான் என்று சொன்ன அதே குரல், அதே துள்ளல். "ஸ்கேன் ரூமைத் திறந்து வைங்க, இப்பவே வர்றோம். சின்னதா இருக்கும்போதே பிடிச்சுட்டோம்னு நினைக்கிறேன்!"

அக்கா அவன் சட்டைப் பையில் கையை விட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

"பெட்டி ஏத்த வேண்டாமாக்கா?"

"முதல்ல நீ ஏறுடா."