எழுந்து போனவர்

நிதிக்குழுக் கூட்டத்தில் மார்னியின் மானிய விண்ணப்பத்தை எடுத்ததுமே உறுப்பினர் கிளெனிஸ் எழுந்து வெளியே போய்விட்டார். தாஸ்மேனியாவின் அந்தச் சின்ன ஊரில், தனியாக வாழும் முதியவர்களுக்கு மார்னி செவ்வாய்தோறும் மதியச் சாப்பாடு போடுகிறாள். மானியம் இல்லையென்றால் அடுத்த மாதமே அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

மீதி நால்வரில் மூவர் கைதூக்க, மானியம் கிடைத்துவிட்டது. ஆனாலும் மார்னிக்கு மனம் ஆறவில்லை. வாசலில் கிளெனிஸை மறித்தாள்.

“காது குடுத்துக் கேக்கக்கூட மனசு வரலையா? எங்க மேல அப்படி என்ன கோவம்?”

“கோவம் இல்லம்மா, குழுவோட விதி அப்படி. சொந்தக்காரங்க யாராவது உங்ககிட்ட சாப்பிட்டா, நான் ஓட்டுப் போடக்கூடாது.”

“உங்க சொந்தக்காரங்களா? யாரு?”

“வெர்ன். எங்கப்பா.”

மார்னி திகைத்தாள். தனக்கு யாருமே இல்லை என்றல்லவா வெர்ன் சாப்பாட்டுக்குப் பதிந்த படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்!

“பதினோரு வருஷமா பேச்சு இல்ல. சமைச்சு எடுத்துட்டுப் போனா கதவையே திறக்க மாட்டார்.” கிளெனிஸ் தயங்கினார். “அங்க நல்லா சாப்பிடறாரா?”

“ரெண்டாவது தட்டும் கேட்டு வாங்குவார்.”

கிளெனிஸ் கார் கதவைத் திறந்தார். ஏறாமல் திரும்பினார்.

“உப்பு மட்டும் குறைச்சுப் போடுங்க. அவருக்கு பிரஷர் இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”