மாற்றுச் சாவி

மனைவியின் கார்க் கண்ணாடியில் ஓர் ஆணின் உள்ளங்கை பதிந்திருந்தது. ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடியில், ஐந்து விரலும் அகல விரிந்து, அழுத்தமாக.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். காலையிலிருந்து கண்ணாடியில் கறை தேடுவதே பிழைப்பு. தன் கையை அந்த அச்சின் மேல் வைத்துப் பார்த்தார். அவருடையதைவிடப் பெரிய கை.

கேட்டதும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை அவளுக்கு. சாவியை உள்ளேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாளாம். எக்ஸ்ரே எடுப்பவர்தான் வந்து உதவினாராம். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கதவிடுக்கில் செருகிக் காற்றடித்தால் கதவு லேசாக விலகுமாம். அந்தச் சந்தில் கம்பியை விட்டுப் பூட்டுக் குமிழைத் தூக்கிவிடலாமாம்.

"என்ன மூளைங்க அவருக்கு" என்றாள்.

அன்றைக்குச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

அது பழைய கார். குமிழை அழுத்திவிட்டுக் கதவைச் சாத்தினால், சாவி எங்கே இருக்கிறது என்றெல்லாம் பார்க்காது, பூட்டிக்கொள்ளும். சில நாளிலேயே மறுபடியும் பூட்டிக்கொண்டது. மறுபடியும் எக்ஸ்ரேக்காரர். அவள் வாயிலிருந்து 'எக்ஸ்ரேக்காரர்' என்று கிளம்புகிறவர், இவர் காதுக்குள் போவதற்குள் 'எக்ஸ்ரேக்காரன்' ஆகியிருந்தார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வேலை பார்க்கும் இடத்தில் இவர் கால் வைத்ததில்லை. லீவு நாளிலும் கடை திறந்திருக்கும். ஆளைப் பார்த்ததே இல்லை என்பதால் கற்பனைக்குக் கடிவாளமும் இல்லை.

பிரேம் போட்டுப் பார்ப்பதற்காகக் கடையில் நாலு பக்கமும் முகம் பார்க்கும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நெற்றி ஏறிய, கடுகடுத்த ஒரு முகம் அவரையே முறைத்தது. அந்தக் குழப்பத்தில் ஓர் அம்மாவுக்கு யாருடைய கண்ணாடியையோ மாட்டி அனுப்பிவிட்டார். அந்தம்மா இல்லாத படியில் கால் வைக்கப் போய்த் தடுமாறித் திரும்பி வந்தார்.

நிலைமை இப்படியே போனால் கடை தாங்காது என்று, மாற்றுச் சாவி ஒன்று செய்து அவள் கைப்பையில் போட்டார். அடுத்த முறை கைப்பையும் சாவியோடு சேர்ந்து காருக்குள் மாட்டிக்கொண்டது. எக்ஸ்ரேக்காரன் இரண்டையும் மீட்டுக் கொடுத்தான்.

அதன் பிறகு மாற்றுச் சாவியை அவரே வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இனிமே மாட்டிச்சுன்னா எனக்குப் போன் பண்ணு. கண்டவங்க கையும் நம்ம கார் மேல பட வேணாம்."

"கடையை விட்டுட்டு நீங்க வருவீங்களா?"

"வருவேன்."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

ஒரு மத்தியானம் அந்தப் போன் வந்தது. ஒருவருக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தார். பாதியில் விட முடியவில்லை. முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வைத்தார். அவர் அவசரம் தெரியாமல் அந்த மனிதர் ஒவ்வோர் எழுத்தையும் ஆற அமரப் படித்தார். ஒருவழியாக அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கி, கிளம்பிவிட்டதாக மனைவிக்குத் தகவல் சொன்னார். ஸ்கூட்டரில் எந்த வளைவிலும் வேகம் குறைக்கவில்லை.

ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில், மரத்தடியில், அவள் காரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நெடுநெடுவென்று ஓர் ஆள். தலை நிறைய முடி. கையில் பிரஷர் பட்டை. அதில் மிச்சமிருந்த காற்றை அமுக்கி வெளியேற்றியபடி நிதானமாகச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

இவர் ஸ்கூட்டரை அவசரமாக நிறுத்தி இறங்கினார். எனக்கு முன்னாடியே ஆயுதத்தோடு வந்து நிற்கிறானே, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இன்றைக்கும் நல்ல பெயரைத் தட்டிக்கொண்டு போயிருப்பானே என்று நினைத்துக்கொண்டார்.

யாரிடமும் பேசாமல் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். உள்ளே, சீட்டின் நட்டநடுவில் கிடந்தது அவள் சாவி. எடுத்து நீட்டினார்.

பரிசு வாங்குவது போல வாங்கிக்கொண்டாள் அவள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கான்டீனில் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும், கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் அவரைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள், அவர்களைக் கூப்பிட உள்ளே ஓடியும் விட்டாள்.

ஆண்கள் இருவரும் காருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"திறந்து திறந்து உங்களுக்குக் கை வலிச்சிருக்கும் சார். இனிமே அந்தச் சிரமம் வேணாம். நானே வந்து பாத்துக்கிறேன்."

எக்ஸ்ரேக்காரர் அவள் போன திசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் அப்பவே திறந்து குடுத்துட்டேன் சார். நீங்க கிளம்பிட்டீங்கன்னு போன் வந்ததும், அவங்கதான் சாவியை உள்ள போட்டு மறுபடி பூட்டினாங்க."