மேல் செட்டு

கடித்துவிட்டார்.

அவளுடைய ஆள்காட்டி விரல் அவர் வாய்க்குள் இருந்தது. கடித்தது பொய்ப்பல்தான். ஆனாலும் ரத்தம் வந்தது.

எட்டு நாளாக அந்தப் பல் செட்டைக் கழற்ற விடவில்லை மனுஷன். மேல் ஈறு புண்ணாகி, நேற்றிலிருந்து காய்ச்சல். இன்றைக்குள் கழற்றிக் கழுவாவிட்டால் சீழ் உள்ளே இறங்கிவிடும் என்று பல் டாக்டர் போனிலேயே கத்தினார்.

"வாயத் தொறங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், தொறங்க."

அவருக்கு அவள் யாரென்று தெரியவில்லை. எவளோ ஒருத்தி வாயைக் கிழிக்க வந்திருக்கிறாள். அது மட்டும் தெரிந்தது.

அவள் கட்டிலில் ஏறினாள். முழங்காலால் அவர் நெஞ்சை அமுக்கினாள். தாடையை இறுக்கிப் பிடித்து விரலை மறுபடி நுழைத்தாள்.

மறுபடி கடித்தார்.

அறைந்தாள்.

அறுபத்தாறு வயதில், கட்டின புருஷனை, முதன்முதலாக. கை சுரீரென்று எரிந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவி மனசுக்கு.

பதிலுக்கு அவர் குத்தினார். புத்தியெல்லாம் கரைந்துபோன மனுஷனுக்குக் கை மட்டும் எதையும் மறக்கவில்லை. அதே இடம். மேலுதட்டுக்கு நடுவில்.

அவளுடைய மேல் செட்டு தெறித்துத் தரையில் விழுந்தது.

ஆமாம், அவளுக்கும் பொய்ப்பல்தான். நாற்பது வயதில் முன்பல் நான்கு ஒரே குத்தில் போயின. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்னாள். அவர் முன்னால் ஒருநாளும் செட்டைக் கழற்றியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டுதான் கழுவுவாள். அவர் செய்ததை அவருக்குக் காட்ட இவள் கூச்சப்பட்டாள். என்ன பிழைப்போ!

இப்போது வாயைப் பொத்திக்கொள்ள நேரமில்லை.

அவர் பார்த்தார். உள்ளே ஒட்டிப்போன வாயை. உதட்டில் வழிந்த ரத்தத்தை.

ஓங்கின கை அப்படியே நின்றது.

"யாரு தாயி ஒன்னைய அடிச்சது?"

தாயி.

அவளை அவர் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது.

"மொதல்ல நீங்க வாயத் தொறங்க. சொல்றேன்."

தன் வாயை அகலத் திறந்து காட்டினாள். அவளைப் பார்த்தபடியே அவரும் திறந்தார்.

கட்டைவிரலைக் கொடுத்து நெம்பினாள். மேல் செட்டு கழன்று வந்தது. எட்டு நாள் சோற்றின் நாற்றம் குப்பென்று அடித்தது. கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். தரையில் கிடந்த தன்னுடையதையும் பொறுக்கி அதிலேயே போட்டாள்.

ஈரத்துணியால் ஈறைத் துடைத்தாள். அவர் முனகினார். கடிக்கவில்லை.

"சொல்லு தாயி. யாரு?"

நாற்பத்திரண்டு வருஷமாகப் புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் யாராவது பெயர் கேட்டால் கார்டைத்தான் நீட்டுவாள்.

"ராமபாண்டி," என்றாள்.

பல் இல்லாமலேயே அந்தப் பெயர் சுத்தமாக வந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். முஷ்டியை முறுக்கினார்.

"எங்க இருக்கான் அந்த நாயி?"

அவள் புண்ணுக்குத் தடவும் களிம்பை விரலில் எடுத்தாள்.

"வாயத் தொறங்க."

வாசலையே முறைத்துக்கொண்டு, அவர் திறந்தார்.