டெலீட்டை விடாமல் அழுத்து

ஸ்லாவ்கோ விசைப்பலகையைத் தூக்கி யாஸ்னாவின் முகத்தில் அடித்தான்.

நாலைந்து விசைகள் தெறித்து அலமாரிக்கடியில் ஓடின. அவளுடைய மேலுதடு கிழிந்தது.

புதிதாக இறக்கிய விளையாட்டு திறக்கவில்லை. மதர்போர்டில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது, அதை இயக்கினால்தான் ஓடும் என்று திரையில் வந்தது. வீட்டில் கணினியைத் தொடுகிற இன்னொரு ஆள் அவள்தான், ஆகவே அணைத்ததும் அவள்தான் என்றான். அந்தச் சொல்லையே அவள் அன்றைக்குத்தான் கேட்கிறாள்.

அவனுடன் விளையாடக் காத்திருந்தவர்கள் போனில் கேலி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கேலிக்கும் ஒரு அடி விழுந்தது.

கணினி வாங்கிய கடைக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னான். அவள் எண்ணை அழுத்தும்போது அவளுடைய கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

"வணக்கம். உங்ககிட்ட வாங்குன கம்ப்யூட்டர் விஷயமாத்தான்" என்றாள் யாஸ்னா.

திரையில் வந்த செய்தியை அப்படியே படித்துக் காட்டினாள். எதிர்முனையில் ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தது. அணைத்துப் போடு. திரை வெளிச்சமாவதற்கு முன்னாலேயே டெலீட்டை விடாமல் அழுத்து.

முதல் தடவை அவள் தவறவிட்டாள். ஸ்லாவ்கோ அவள் நெற்றியை மேசை விளிம்பில் மோதினான். அந்தச் சத்தம் எதிர்முனைக்கும் கேட்டிருக்க வேண்டும். குரல் நின்று, மறுபடி தொடர்ந்தது.

இரண்டாம் தடவை அமைப்புகளை மாற்றும் நீலத் திரை வந்தது. கண்ணில் இறங்கிய ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவள் அம்புக்குறியை நகர்த்தினாள். குரல் ஏதோ கேட்டது.

"ஆமா, பின்பக்கம்தான். இன்னும் ஸ்லீப்லதான் இருக்கு" என்றாள்.

ஸ்லாவ்கோவுக்கு அது கணினிப் பேச்சாகவே பட்டது. சீக்கிரம் முடிடீ என்று கூந்தலை இன்னொரு சுற்று இறுக்கினான்.

சிபியு என்றிருந்த பக்கத்தில் குரல் சொன்ன எஸ்விஎம் என்ற வரி கிடைத்தது. அணைந்திருந்ததை இயக்கினாள். எஃப்-பத்தை அழுத்திச் சேமித்தாள். கணினி மறுபடி எழுந்தது. விளையாட்டு திறந்துகொண்டது.

அவன் கூந்தலை விட்டான். முட்டைக்கோஸ் இலையில் கறி சுற்றிய சார்மாவைச் சூடாக்கி எடுத்துவரச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். ஹெட்போனை மாட்டினான்.

யாஸ்னா சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். போன் காதிலேயே இருந்தது.

"மாட்டிட்டானா?"

"ம்."

"துன்யாவைத் தூக்கிக்கோ. லிஃப்ட் வேண்டாம், சத்தம் போடும். நான் கீழதான் நிக்கிறேன்."

பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்த மகளைப் போர்வையோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். செருப்பைத் தேடவில்லை. கூடத்தில் ஸ்லாவ்கோ அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, யாரையோ கொல்லு, கொல்லு என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் அவன் பின்னாலேயே நடந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான்கு மாடியும் படிக்கட்டில் இறங்கினாள். நெற்றி ரத்தம் துன்யாவின் போர்வையில் சொட்டியது.

தெருவோரம் ஒரு பழைய சாம்பல்நிறக் கார் என்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. ஸ்டியரிங்கில் நரைத்த தலையுடன் ஒரு பெண். கதவைத் திறந்துவிட்டவள் யாஸ்னாவின் முகத்தைப் பார்த்ததும் கண்ணை மூடித் திறந்தாள்.

"முதல் அடி கேட்டப்பவே கிளம்பிட்டேன்" என்றாள்.

"அத்தை" என்றாள் யாஸ்னா. கடை என்று சொல்லி அவள் அழைத்தது கணினி பழுதுபார்க்கும் இவளைத்தான்.

 அத்தையின் வலக்கை மடியில் கிடந்தது. முறிந்து, கோணலாகச் சேர்ந்த கை. இடக்கையைக் குறுக்கே நீட்டி கியரைப் போட்டாள்.

அந்தக் கையை முறித்தவன் நாலாவது மாடியில் விளையாடிக்கொண்டிருந்தான். அவள் பெற்ற ஒரே பிள்ளை.