ஆந்தை போட்ட கட்டம்

எல்லாரும் சவுக்கியமா? மூட்டு வலி, சளி எல்லாம் தேவலையா? ஒரு சின்ன சங்கதி சொல்றேன். படிச்சுட்டு உங்க பக்கம் இப்படி ஏதாச்சும் நடந்திருந்தா எழுதிப் போடுங்க, என்ன?

"இன்னைக்கு ஆந்தை என்ன சொல்றாரு?"

தினம் கேக்கற அதே கேள்வியைக் கேட்டுக்கிட்டே ஹெஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா. இங்கிலாந்துல ஸ்கார்பரோ கடற்கரையில டோரினோட டீக்கடை. காலம்பற ஒம்பது மணி, வெளியில மழை.

எதிர்ல நெவில் பேப்பரைக் குறுக்கெழுத்துப் பக்கமா மடிச்சு வச்சுக்கிட்டு பென்சிலைக் கடிச்சுக்கிட்டிருந்தாரு. கப்பல்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, பொண்டாட்டி போயி நாலு வருஷமாச்சு.

"ஆந்தைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்க. நாளைக்கு வண்டி ஏறப்போற மனுசனைப் போட்டு இந்தப் பாடு படுத்தறாரே!"

ஆந்தைங்கறது அந்தப் பேப்பர்ல குறுக்கெழுத்து போடறவங்களோட புனைபேரு. இங்க அப்படித்தான், கட்டம் போடறவங்க சொந்தப் பேரைச் சொல்லவே மாட்டாங்க.

"புள்ளை குட்டி இல்லாத ஒண்டிக்கட்டைக் கிழவனாத்தான் இருக்கணும்"னாரு நெவில். "வீட்டுல பேச ஒரு ஆளு இருந்தா இப்படி விஷம் வச்ச குறிப்பெல்லாம் எழுதத் தோணுமா?"

"இருக்கும், இருக்கும்"னு சொல்லிக்கிட்டே ஹெஸ்டர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினா. லைப்ரரியில வேலை பாத்தவ, கல்யாணம் பண்ணிக்கல. இந்தக் கடையை விட்டா அவ குரலைக் கேக்க வீட்டுல ஒரு பூனை கூடக் கிடையாது.

இத்தனைக்கும் அவ ஒருநாளும் பேப்பர் வாங்க மாட்டா. நெவில் குறிப்பைப் படிப்பாரு, அவ யோசிச்சு யோசிச்சு சொல்லுவா. போன மாசம் பாருங்க, டோரின் பேப்பர் மூலையைக் கிழிச்சு யாருக்கோ கேக் ஆர்டர் எழுதிக் குடுத்துட்டா.

"அடிப்பாவி! இருபத்திரண்டாம் குறிப்பு போச்சே!"ன்னு நெவில் கத்தினாரு.

"ஒரு குறிப்புக்கா இந்தக் கூப்பாடு, கண்ணு?"ன்னா டோரின்.

"நங்கூரம்னு போட்டுப் பாருங்களேன்"னா ஹெஸ்டர். கட்டத்துல கச்சிதமா உக்காந்துச்சு. நெவில் அவளை ஒரு நிமிஷம் பாத்துட்டு, ரெண்டாவது டீ சொன்னாரு.

அன்னைக்குத்தான் விஷயத்தையும் சொன்னாரு. தெக்கே ரொம்ப தூரத்துல, எக்ஸிடர்ல இருக்கிற மக அங்கயே வந்து இருந்துடச் சொல்றாளாம், டிக்கெட்டும் எடுத்தாச்சாம்.

"நல்லதுதானே"ன்னா ஹெஸ்டர். போகாதீங்கங்கற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு, டீயோட சேத்து முழுங்கிட்டா. அறுபத்தெட்டு வயசுல ஒரு ஆம்பளைகிட்ட அதை எந்த வாயால கேக்கறது, சொல்லுங்க?

"என்ன கிறுக்கு பண்ணியிருக்காரு, படிங்க"ன்னா இப்ப.

"ஆறு இடத்துல ஒரே குறிப்புங்க! ஸ்டே, ஸ்டே, ஸ்டே! ஒவ்வொண்ணுக்கும் வேற வேற அர்த்தத்துல ஆறு வார்த்தை கண்டுபுடிக்கணுமாம்."

"அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனையோ அர்த்தம் இருக்கே. நீங்க கப்பல்காரரு, முதல்ல நீங்க சொல்லுங்க."

"பாய்மரத்தை இழுத்துக் கட்டற கயிறு. அது ஒண்ணு ஆச்சு." எழுதினாரு. "சாஞ்சு நிக்கறதுக்கு முட்டுக் குடுக்கிற கம்பு, ரெண்டு. கோர்ட்டுல வாங்கற தடை, மூணு."

"அந்தக் காலத்துல பொம்பளைங்க இடுப்பை இறுக்கிக் கட்டுற கச்சை"ன்னா ஹெஸ்டர். நெவிலுக்குக் காது செவந்து போச்சு.

"எங்க அம்மாவும் அதைக் கட்டுவா, மூச்சே விடமாட்டா!"ன்னு டோரின் அடுப்பு பக்கத்துலேருந்து குரல் குடுத்தா.

காத்திருக்கறதுன்னு ஒண்ணு, அது அஞ்சாவது. கடைசியா ஒரே ஒரு இடம் காலியா நின்னுச்சு.

"இது என்னங்க? எனக்குத் தட்டுப்படலையே."

ஹெஸ்டர் கோப்பையையே பாத்துக்கிட்டிருந்தா. "ரொம்ப சாதாரண அர்த்தம்தாங்க. போகாம இருக்கறது."

நெவில் பென்சிலைத் தூக்கினாரு, எழுதல. பேப்பரை நாலா மடிச்சு கோட்டுப் பையில வச்சுக்கிட்டாரு. "சாமான் கட்டணும்"னு எழுந்து போயிட்டாரு. கையைக் குலுக்கக் கூட இல்ல.

மறுநாள் சனிக்கிழமை. வண்டி ஒம்பதே காலுக்கு. ஹெஸ்டர் ஸ்டேஷனுக்குப் போகல, எப்பவும் போல கடைக்கு வந்து உக்காந்தா. டோரின் பழக்கத்துல ரெண்டு கோப்பை கொண்டு வந்தவ, ஒண்ணைத் திருப்பி எடுத்துட்டுப் போனா.

மணி ஒம்பதே கால் ஆச்சு. தூரத்துல வண்டி கிளம்பற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் அதுவும் இல்ல. எதிர் நாற்காலியைப் பாக்கக் கூடாதுன்னு அவ ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தா. டீ ஆறி ஆடை கட்டிருச்சு.

கதவு மணி அடிச்சுது. தொப்பியில தண்ணி சொட்டச் சொட்ட நெவில் வந்து நின்னாரு. எதிர் நாற்காலியில உக்காந்து, ரெண்டாக் கிழிச்ச ரயில் டிக்கெட்டை மேஜையில வச்சாரு. பக்கத்துலயே இன்னைக்குப் பேப்பரை வச்சாரு.

ஹெஸ்டர் வாயில தினப்படி கேள்விதான் வந்துச்சு.

"இன்னைக்கு... ஆந்தை என்ன சொல்றாரு?"

நெவில் பென்சிலை அவ கையில குடுத்தாரு.

"அதை நீங்கதானே சொல்லணும், ஆந்தை!"