கண் திறந்தவன்

அரிசி அளவே இருக்கும் ஈயச் சிப்பாய்களுக்கு முகத்தில் ஒரு புள்ளி நிறம் போதும். யாரும் கண் வரைவதில்லை. இரண்டு படைகளுக்கும் ஆதிரை அப்படித்தான் வண்ணம் பூசியிருந்தாள். நேற்று ஏதோ நினைவில், தன் முன்வரிசையில் ஒருவனுக்கு மட்டும் கண்களைத் திறந்துவிட்டாள். அவன் அவளைப் பார்த்தான்.

இன்று மேசைமேல் போர். முதல் முறையாக அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் மேசையில் விரித்த பச்சைத் துணியின் ஓரம் புல்வெளிபோல் அசைந்தது. அண்ணன் பரிதி பகடையை உருட்டினான். ஆறு விழுந்தது.

"உன் முன்வரிசை செத்துப்போச்சு. எடுத்து டப்பாவுல போடு."

"இவன் மட்டும் நிக்கட்டும்ணா. கண்ணு திறந்துட்டேன்."

"சாமி சிலையாடி இது? இருபது பேரும் ஒரே அட்டையில ஒட்டியிருக்காங்க. எடுக்கலன்னா நீ தோத்ததா அர்த்தம்."

"சரி, தோத்துட்டேன்."

"ஒருத்தனுக்காகவா, லூசு?"

அவள் தூரிகையை நனைத்து, கண் திறந்தவனுக்குப் பக்கத்தில் நின்றவனின் முகத்தருகே குனிந்தாள். மூன்றாமவன் கண் திறந்தான். நான்காமவன் திறந்தான். பரிதி பகடையை எடுத்து, உருட்டாமல் கையிலேயே வைத்திருந்தான். பிறகு தன் முன்வரிசையைத் தூக்கி, சத்தமில்லாமல் அவள் தூரிகைக்கு அருகில் வைத்தான்.