கிரில் கதவுக்கு அந்தப் பக்கம்

“இங்க யாரும் இல்லீங்க. வீடு மாறி வந்துட்டீங்க.”

தனலெட்சுமி அக்கா கிரில் கதவைத் திறக்காமலே சொன்னார்.

வெளியே எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒய்பியின் அலுவலகத்திலிருந்து ஆறு பேர். எல்லாரும் ஊதா டி-சட்டை. ‘பெண்களைக் காப்போம்’ என்று ஒரு பேனர். அரிசி, பிஸ்கட், பால்மாவு அடுக்கிய பெரிய ஹேம்பர் கூடை. வாசு என்ற தம்பி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து ஃபேஸ்புக்கில் லைவ் போட்டுக்கொண்டிருந்தான்.

அவர்களை வரவழைத்ததே நான்தான். சுங்கை வே அடுக்குமாடியில் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

போன வாரம் எல்லார் கைப்பேசிக்கும் அந்த வீடியோ வந்தது. ஜெஞ்சாரோம் பாசாரில், சந்தைக் கூட்டத்துக்கு நடுவில், குகன் என்பவன் தன் மனைவி தாமரையை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு அடிக்கிறான். ஐந்து லட்சம் பேர் பார்த்தார்கள். போலீஸ் பிடித்தது. மறுநாளே ஜாமீனில் வந்துவிட்டான்.

அந்தக் குகன், தனலெட்சுமி அக்காவின் தங்கை மகன்.

முந்தாநாள் அக்கா வீட்டு ஜன்னலில் தாமரையின் முகத்தைப் பார்த்தேன். உடனே அக்கா திரையை இழுத்துவிட்டார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. பெண்ணை வீட்டில் அடைத்து வைத்து, பேசிப் பேசியே கேஸை வாபஸ் வாங்க வைப்பார்கள். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! தெரிந்தும் சும்மா இருந்தால் எனக்கும் பாவம்தானே? ஒய்பி அலுவலகத்துக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டேன்.

“வாசல்ல சின்னப் பிள்ளை சிலிப்பர் கிடக்குதே அக்கா?” என்று கேட்டார், கூட்டத்தை அழைத்து வந்த சந்திரகலா மேடம்.

“என் பேத்தியோடது.”

எனக்குப் பொறுக்கவில்லை.

“பேத்தியா? உங்க மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே! தங்கச்சி மகனைக் காப்பாத்த இப்படியா பொய் சொல்லுவீங்க? மேடம், தாமரை உள்ளதான் இருக்கு. என் கண்ணால பார்த்தேன்!”

வாசு சட்டென்று கைப்பேசியை என் பக்கம் திருப்பினான். நான் முடியைச் சரிசெய்துகொண்டேன்.

“ஜெயராஜ் அம்மா, கொஞ்சம் வாயை மூடுங்களேன்!” அக்காவின் குரல் உடைந்தது. “தம்பி, அதை ஆஃப் பண்ணு லா. உன் கால்ல விழுறேன்.”

“பயப்படாதீங்க தாமரை. அரசாங்கம் உங்க பக்கம்தான்,” என்றார் மேடம், கைப்பேசியைப் பார்த்து.

கால் மணி நேரம் காத்திருந்தும் உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. ஹேம்பரை வாசலில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் அடுத்த நிகழ்ச்சியாம். போய்விட்டார்கள்.

லிஃப்ட் மூடிய சத்தம் கேட்டதும்தான் அக்கா கிரிலைத் திறந்தார். பின்னால் தாமரை. கண் வீங்கியிருந்தது. இடுப்பில் பிள்ளை. கையில் அவசரமாகத் துணி திணித்த பை.

“அடைச்சு வச்சிருக்கேன்னா நினைச்சீங்க?” என்றார் அக்கா. “பொம்பளைங்க ஷெல்டர்ல திங்கட்கிழமைதான் இடம் கிடைக்கும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு வெல்ஃபேர் ஆபீஸ் மேடம் சொல்லிட்டுப் போனாங்க. குகன் தாமரையைத் தேடிக்கிட்டு கிள்ளான் வரைக்கும் சுத்துறான். இங்க மட்டும் வரல. பெரியம்மா நான் அவன் பக்கம்னு நம்பிக்கிட்டு இருக்கான்.”

என் கைப்பேசியில் அந்த லைவைத் தேடித் திறந்தேன்.

என் முகம். என் தோளுக்குப் பின்னால் அக்கா வீட்டு எண், பளிச்சென்று. கீழே நூற்றுக்கணக்கில் கைகூப்பும் இமோஜிகள். ‘சபாஷ் ஆன்ட்டி’ என்று பாராட்டுகள்.

எல்லாவற்றுக்கும் கீழே, இருபது நிமிடத்துக்கு முன், குகன் என்ற பெயரில் ஒரு வரி:

“இது பெரியம்மா வீட்டு வாசல்தானே? வரேன்.”